ஒழுகும் அணையை அடைத்தவன்

தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. படப்பையில் எங்கள் வீட்டுக் குழாய் லேசாகக் கசிந்தாலும் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்பேனரோடு எழுந்து போய்விடுவேன். "ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு ஆபீஸ்ல உங்ககிட்ட சொன்னாங்களா இல்லையா?" என்று என் மனைவி கேட்பாள். சொன்னார்கள், மாலை கூடப் போட்டார்கள். ஆனால் காதுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

போன மாதம் மழை பிடித்த இரண்டாம் நாள் காலையில், இப்போது என் இடத்தில் இருக்கும் வொர்க் இன்ஸ்பெக்டர் போன் செய்தார்.

"சார், வடக்குப்பட்டு ஓடைல நீங்க போட்ட தடுப்புல மூணாவது ரொம்ப ஒழுகுது சார். ஃபைல்ல ஒண்ணும் வெவரம் இல்ல. நாலு மூட்டை சிமெண்ட் இருக்கு, அடிச்சி உட்டுடட்டா?"

"கைய வைக்காதீங்க" என்றேன்.

"ஏன் சார்?"

நேரில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ஏன் என்ற அந்தக் கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு மட்டும் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

நான் அரசாங்கத்தில் ஏரி, கால்வாய் பார்க்கும் பிரிவில் லஸ்கராகச் சேர்ந்தவன். மதகைத் திறந்து மூடுவதும் கரைமேல் நடந்து கசிவு பார்ப்பதும் லஸ்கர் வேலை. விரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்தால் களிமண், கை கனத்துக்குக் கசிந்தால் வைக்கோலும் களிமண்ணும், அதற்கு மேல் போனால் மணல் மூட்டை. என் முதல் அதிகாரி கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். உள்ளங்காலில் ஈரம் பட்டால் அந்த இடத்திலேயே நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குரலுக்குப் பயந்தே வேலை கற்றுக்கொண்டேன். ஒழுகுவது என்றால் அவமானம், அடைப்பது என்றால் வேலை. வொர்க் இன்ஸ்பெக்டர் ஆகித் தலை நரைத்த பிறகும் எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓடையைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அது ஒரு ஏரியின் கலங்கலிலிருந்து வழிகிற உபரி நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் சின்ன ஓடை. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறுபக்கம் நிலம். ஒரகடத்தில் கம்பெனிகள் மளமளவென்று வந்த நாட்களில், தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மூன்று நாள் பொக்லைன் வைத்து வளைவையெல்லாம் வெட்டி, கோரையையும் விழுந்து கிடந்த மரங்களையும் வாரி எடுத்து, நூல் பிடித்த மாதிரி நேராக்கினேன். எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

அதன் பிறகு மழைத்தண்ணீர் அந்த ஓடையில் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்ட கம்பெனி பஸ் மாதிரி ஓடியது. நிற்காது, ஊறாது. வருடா வருடம் அடிமண்ணை அறுத்துக்கொண்டு ஓடை கீழே இறங்கிற்று. ஓடை இறங்க இறங்கப் பக்கத்துக் கிணறுகளில் இருந்த தண்ணீரும் அதற்குள் வடிந்து போய்விட்டது.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது சங்கரி மேடம் உதவிப் பொறியாளராக வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர், என் மூத்த மகள் வயது. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நேராகத் தண்ணீருக்குள் போய்விடுவார். பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். பருப்பைத் தின்றுவிட்டுத் தோலை ஓடையில் போட்டு, அது பத்தடி போக எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கோபம் வந்தால் ஒரே ஒரு அடையாளம்தான். எழுதிக்கொண்டிருக்கும் பேனாவின் மூடியை டக்கென்று மூடுவார். அதற்கப்புறம் அன்றைக்குப் பேச்சு கிடையாது. திட்டு வாங்கி வளர்ந்த ஆள் நான். திட்டாத அதிகாரியிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குப் புரியவே இல்லை.

அவர்தான் ஒருநாள் செல்போனில் ஒரு பிராணியின் படத்தைக் காட்டினார். பெருச்சாளியை நாய் அளவுக்கு ஊதிவிட்ட மாதிரி உடம்பு, துடுப்பு மாதிரி வால். குளிர் தேசத்துப் பிராணி, பெயர் பீவர்.

"இது மரத்தைக் கடிச்சுப் போட்டு ஓடைக்குக் குறுக்க அணை கட்டும் அண்ணாச்சி. தண்ணி அதுல தேங்கித் தேங்கிப் போகும். அந்தப் பிராணி இல்லாத ஊர்ல மனுசங்களே அதே மாதிரி கட்டிப் பாக்காங்க. நம்ம ஓடைல ஒம்பது கட்டுவோம்."

"அது பாட்டுக்கு வந்து ரிப்பேர் பாத்துக்கும் மேடம். நமக்கு யாரு பாக்கறது?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி ஏழுமலை சிரித்தே விட்டான். அன்றிலிருந்து வேலை முடியும்வரை எனக்கு பீவர் சார் என்றுதான் பெயர். அந்தப் பிராணியைப் பற்றி மேடம் இன்னொன்றும் சொன்னார். தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டால் அதனால் சும்மா இருக்க முடியாதாம். எழுந்து போய் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்குமாம். எனக்கு அந்தப் பிராணியை உடனே பிடித்துப்போயிற்று.

அளவெடுக்கப் போன அன்றுதான் வசந்தாவைப் பார்த்தோம். ஓடையை ஒட்டி இரண்டு ஏக்கர், நடுவில் ஒரு படிக்கிணறு. கணவர் கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி, பயிர் வேலை முழுக்க இந்த அம்மாவுடையது. இரண்டு பக்கத்து நிலமும் பிளாட் போட்டுக் கொடி நட்டாகிவிட்டது. புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

"இன்னா மேடம், திரும்பவும் பொக்லைன் வருதா? போன தபா வந்து எங்க கெணத்த காய வெச்சிட்டு பூட்டீங்க. இன்னும் இன்னா மிச்சம் கீது?"

நான் ஓடையின் மறுகரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் பொறுமையாக விளக்கினார். வசந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிணற்றைக் காட்டினார்.

"மேலருந்து எட்டாவது படி முங்கி இருந்தா ஒரு போகம் எடுத்துடலாம். இந்த தை மாசம் அந்தப் படி முங்கலன்னா, எங்க வூட்டுக்காரரு பிளாட்டுக்காரனுக்கு கையெழுத்து போட்டுடுவாரு. நானும் சரின்னு வாக்கு குட்த்துட்டேன். அவ்ளோதான் டைம். ஒன்னால ஆவுதா பாரு."

மேடம் ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. கிணற்றில் இறங்கி எட்டாவது படியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார்.

வேலை இப்படி. முன்கை கனத்துச் சவுக்குக் கம்புகளைக் கூர் சீவி, ஓடைக்குக் குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒன்றாக, பாதி உயரம் மண்ணுக்குள் போகும்படி அடிக்க வேண்டும். கம்புகளுக்கிடையே நொச்சி மிளாரையும் முள் கழித்த சீமைக்கருவேலக் கிளைகளையும் கூடை முடைவது போல முன்னும் பின்னுமாகப் பின்ன வேண்டும். இரண்டு முனையும் கரைக்குள் இரண்டு முழம் போய்ப் புதைய வேண்டும். உயரம் முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே. தண்ணீர் விழும் பக்கத்தில் கிளைகளை மெத்தை மாதிரி பரப்ப வேண்டும், இல்லையென்றால் விழுகிற தண்ணீர் அடியைப் பறித்துவிடும். தண்ணீர் வரும் மேல்பக்கம் கொஞ்சம் வைக்கோல், கொஞ்சம் மண், அவ்வளவுதான். கீழ்த் தடுப்பில் தேங்கும் தண்ணீரின் வால் எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த தடுப்பு.

"கொஞ்சம் மண்ணுன்னா எவ்ளோ மேடம்?"

"ஒழுகணும் அண்ணாச்சி. ஒழுகலைன்னா தப்பு. இது அணை இல்ல, வேகத்தடை."

தலையை ஆட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

ஐப்பசியில் முதல் மழை பிடித்தது. ஒன்பது தடுப்புக்குப் பின்னாலும் தண்ணீர் தேங்கியது. ஒன்பதும் ஒழுகின. மேடம் கடலைத்தோலைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கோ உடம்பெல்லாம் அரித்தது. மழை விட்ட பிறகும் அந்தச் சலசலப்பு நிற்கவில்லை. வீட்டில் படுத்தாலும் காதில் அதே சத்தம். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் பாலத்திலிருந்து வீடியோ எடுத்தார்கள். வசந்தா வேறு விடவில்லை.

"இன்னா பீவர் சார், அணை கட்னியா, சல்லடை கட்னியா?"

வசந்தாவின் கிணற்றுக்கு நேர் எதிரே இருந்ததுதான் மேலிருந்து மூன்றாவது தடுப்பு. மற்றதை விட அதில் தண்ணீர் கூடுதலாகப் போயிற்று. கிணற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் என் கண்ணெதிரே ஓடிப்போகிறது, தைக்கு இரண்டரை மாதம்தான் இருக்கிறது என்று எனக்குள் ஒரே பதைப்பு. என் கையால் காய்ந்த கிணறு அது. அதை நிரப்பிவிட்டுத்தான் ஓய்வு பெற வேண்டும் என்று ஒரு வீம்பு.

மேடம் மூன்று நாள் பயிற்சிக் கூட்டத்துக்குச் சென்னை போனார். முதல் நாள் காலையிலேயே ஏழுமலையை வரச் சொன்னேன். அந்தப் பிராணியே ஒழுகினால் அடைக்கிறதாம், நாம் ஏன் அடைக்கக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மேல்பக்கம் தார்ப்பாய் விரித்தோம். மேலே மணல் மூட்டை, இடுக்கெல்லாம் பிசைந்த களிமண், உச்சியில் வேறொரு வேலையில் மிச்சமிருந்த சிமெண்டைப் பூசினோம்.

"மேடம் இன்னா சொல்வாங்க சார்?" என்றான் ஏழுமலை.

"தண்ணி நின்னா சந்தோசப்படுவாங்க."

மூன்று மணிக்கெல்லாம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பல நாள் கழித்து என் காது ஓய்ந்தது. அந்த அமைதியில் ஒரு பீடி பற்ற வைத்து நின்றது இன்றும் நினைவிருக்கிறது. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். நாலரை மணிக்குப் பதில் வந்தது. "உடனே பிரிச்சிடுங்க அண்ணாச்சி. மழை வருது."

பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சென்னையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு என்ன தெரியும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். வெளியே மழை கொட்டியது.

காலையில் போனபோது தடுப்பு அப்படியே நின்றது. தண்ணீர்தான் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நடுவே வழியில்லாத வெள்ளம் வசந்தாவின் கரையை அறுத்து, நிலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு தப்படி புகுந்து, மோட்டார் அறையைச் சாய்த்து, கிணற்றின் ஒரு பக்கச் சுவரை உள்ளே தள்ளியிருந்தது. கிணறு சேறாகக் கிடந்தது. மேடம் கோடு போட்ட எட்டாவது படி எங்கே என்றே தெரியவில்லை.

வசந்தா கரையில் நின்றிருந்தார். நான் வண்டியை நிறுத்தியதும் திரும்பினார். கத்தவில்லை.

"நல்லா கட்டிட்ட. ஒரு சொட்டு ஒழுகல."

அந்தச் சொல்லை நான் இன்னும் முழுங்கவில்லை.

பத்து மணிக்குள் மேடம் வந்துவிட்டார், கூட்டத்தைப் பாதியில் விட்டு. சேற்றில் இறங்கி நடந்து, அறுந்த கரையைப் பார்த்து, கிணற்றைப் பார்த்து, மேலே ஏறி வந்தார். வசந்தா கேட்டார்: "அடைக்க சொன்னது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மேடம் முந்திக்கொண்டார்.

"வேலை என் பொறுப்பும்மா. தப்பு என்னோடது."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது, பென்ஷன் ஃபைல் நகர வேண்டியிருந்தது. இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நிமிடம் வெறும் பயம்தான் இருந்தது.

ஜீப்பருகே போன பிறகு மேடம் கேட்டார். "என் மெசேஜை எப்போ பாத்தீங்க அண்ணாச்சி?"

"காலைலதான் மேடம். போன்ல சார்ஜ் இல்ல."

மேடம் தன் போனைத் திறந்து பார்த்தார். அதில் என்ன தெரியும் என்று எனக்கும் தெரியும். இரண்டு நீலக் குறியும், அதைத் தொட்டால் நேரமும். கையிலிருந்த பேனாவின் மூடி டக்கென்று மூடிற்று. பிறகு ஜீப்பிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் என் சிமெண்டை அவரே உடைக்க ஆரம்பித்தார். ஏழுமலை ஓடிப்போய் வாங்கிக்கொண்டான். அந்தக் கடப்பாரையைக் கேட்டு வாங்கக்கூட எனக்குக் கை நீளவில்லை.

அடைப்பை எடுத்ததும் தண்ணீர் பழையபடி நடுவே ஒழுக ஆரம்பித்தது, கரையை விட்டுவிட்டது. அறுந்த இடத்தில் நொச்சிக் கழிகளை நெருக்கி நட்டோம். மதியம்போல ஏழுமலை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டான். நாலாவது தடுப்புக்கும் ஐந்தாவதுக்கும் பின்னால் முழங்கால் ஆழத்துக்குப் புது மண் படிந்திருந்தது. வசந்தாவின் மண். நான் இறுக்கி அடைத்தது அந்த மண்ணை அறுத்தது. நான் கேவலமாக நினைத்த ஒழுகல்கள்தான் அதைப் பிடித்து வைத்திருந்தன. வசந்தா ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "என் மண்ணுதான்" என்றார்.

மழை இடைவிட்ட நாட்களில் கிணற்றுச் சேற்றை அள்ளினோம். லீவு போட்டுவிட்டு நானும் இறங்கினேன். வசந்தா என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, மோர் கூடக் கொடுத்தார். ஆனால் மேடம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "மூணு நாளு மெட்ராஸ்ல குந்திக்கினு இங்க அடைக்க சொல்லிச்சி அந்தப் படிச்ச பொண்ணு. நீ இன்னா பண்ணுவ, சொன்னத செஞ்ச" என்று என்னிடமே சொன்னார். சேற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் படியேறினேன்.

பொங்கலுக்கு மறுநாள் வசந்தாவின் கணவர் கிணற்றில் இறங்கினார். ஒன்று, இரண்டு என்று சத்தமாகப் படி எண்ணினார். எண்ணிக்கை ஏழில் நின்றது. கணுக்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார். சேறும் சரிந்த சுவரும் போக, ஒன்பது தடுப்பிலும் தேங்கி ஊறிய தண்ணீர் எட்டாவது படியை மூழ்கடித்து ஏழையும் தொட்டிருந்தது. அந்த வருடம் ஒரு ஏக்கருக்குத்தான் நவரை நெல் நட்டார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதமே மேடத்துக்கு மாற்றல் வந்தது. கடைசியாக ஓடையைப் பார்க்க அவர் வந்தபோது வசந்தா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மேடம் கொஞ்ச நேரம் கிணற்றோரம் நின்றுவிட்டுப் போனார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

போன மாதம் அந்த போனை வைத்துவிட்டு மழையோடு வண்டியை எடுத்தேன். மூன்றாவது தடுப்பு பச்சையாக இருந்தது. நட்ட நொச்சி தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இடுக்கெல்லாம் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கரையில் கோணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வசந்தா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கடப்பாரை.

"உன்னாட்டம் ஒருத்தன் சிமெண்டு மூட்டையோட வந்தான். தொட்டா கைய ஒட்ச்சிடுவேன்னு அனுப்பிட்டேன்."

உட்கார்ந்தேன். சலசலப்பு காதை அறுத்தது. இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"வசந்தாம்மா, அன்னிக்கு அடைக்கச் சொன்னது மேடம் இல்ல. நானாத்தான் அடைச்சேன். உடனே பிரிங்கன்னு முந்தின நாள் சாயங்காலமே மெசேஜ் போட்டாங்க. படிச்சிட்டுதான் வூட்டுக்குப் போனேன்."

வசந்தா என்னைப் பார்க்கவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இந்தக் கெணத்தாண்ட வந்து நின்னுச்சி. நான் வூட்டுக்குள்ள குந்திக்கினு இருந்தேன்."

"ஆமாம்."

"போன் போடு."

போட்டுக் கொடுத்தேன். மேடத்தின் குரல் கேட்டது. வசந்தா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வடக்குப்பட்டு வசந்தா பேசறேன்மா. கெணத்துல ஆறாவது படி முங்கி கீது. நீ ஒரு தபா வா. வந்து எங்க வூட்ல ஒரு வாய் சாப்புட்டுப் போ." பிறகு, "இவுரு எல்லாத்தையும் இப்பதான் சொன்னாரு" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, வசந்தா கோணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து வரப்பில் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

போனை எடுத்தேன். மேடம்தான் பேசினார்.

"மூணாவது ஒழுகுதா அண்ணாச்சி?"

"ஒழுகுது மேடம்" என்றேன்.